பேசின் கரையின் ஐந்தாம் கல்

கங்கையைச் சடையில் நிறுத்தியவன், காலனைக் காலால் உதைத்தவன், நினைப்பவர் நெஞ்சை விட்டு நீங்காதவன், அந்தப் பெருமான் என் நாவில் பொய் கலக்காமல் காக்கட்டும். அவன் திருப்பெயரைச் சொல்லாமல் நான் எதையும் தொடங்குவதில்லை. இந்த வம்பையும் அவன் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினேன். அதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை. என் குற்றமும் இல்லை. யார் குற்றம் என்று கேட்டு முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

இப்படி உட்காருங்கள் ஐயா. இந்தப் பலகை புதிது. முதுகு சாய்க்க வழியில்லாமல் செய்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய திட்டம் போட்டவர்களுக்கு, மனிதனுக்கு முதுகு என்று ஒன்று உண்டு என்பது தோன்றவில்லை. கல்யாணத்துக்கு வந்ததாகச் சொன்னீர்கள். முகூர்த்தமும் ஆயிற்று, பந்தியும் ஆயிற்று, உங்கள் வண்டி ஐந்தரைக்கு. இப்போது மூன்றே கால். எனக்கும் ஐந்து மணி வரைக்கும்தான் அவகாசம். அது ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கரையில் ஒரு கல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது திரும்பி வந்து, இருந்த இடத்தில் இருக்க வேண்டும். நான் கேட்பது அது ஒன்றுதான். இன்று ஐந்து மணிக்குள் வழி பிறக்கவில்லை என்றால் நாளைக் காலையில் கல் இருந்த குழியில் சிமென்டு போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு நான் யாரைக் கேட்பது?

கடல் இல்லாத ஊருக்குப் படகுத்துறை எதற்கு என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இந்தச் செம்பரனூரிலிருந்து கடல் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். தாது வருஷப் பஞ்சத்தில் சனங்கள் கஞ்சிக்குத் தவித்தபோது, வெள்ளைக்காரன் கஞ்சியை ஊற்றிக் கால்வாயை வெட்டச் சொன்னான். கழிமுகத்தில் தொடங்கிய கால்வாய் இங்கே வந்து, படகு திரும்புவதற்காகக் குளம்போல் அகன்று முடிந்தது. வெள்ளைக்காரன் சொன்ன இங்கிலீஷ் சொல்லே நின்று, ஊரார் வாயில் இதற்குப் பெயர் பேசின். உப்பு வரும், சவுக்கு விறகு வரும், சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல் வரும். திரும்பிப் போகும்போது நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போகும். பிறகு லாரி வந்தது. அறுபதாம் வருஷத்தோடு படகு நின்றது. கால்வாயில் சாக்கடை புகுந்தது.

வெறுமனே கிடந்த இந்தக் கரையில்தான் அறுபத்து மூன்றில் அரசாங்கம் தொழிற்பேட்டை வைத்தது. நாற்பத்தாறு ஷெட்டு. வார்ப்படம், லேத்து, பம்பு செட்டு, ரப்பர் வாஷர், ஆணி. காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதினால் ஊர் முழுவதும் கடிகாரத்தைத் திருத்தி வைக்கும். நான் எழுபத்தொன்றில் இருபத்திரண்டு வயதில் அதோ அந்த மஞ்சள் சுவர் ஷெட்டில், அப்போது அது இரும்பு வார்க்கிற பவுண்டரி, ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தேன். இப்போது அதில் காப்பிக் கடை. நான் இரும்புக் கட்டிகளை அடுக்கி வைத்த இடத்தில் பிள்ளைகள் கணினியை வைத்துக்கொண்டு, ஒரு கோப்பைக் காப்பியை இரண்டு மணி நேரம் குடிக்கிறார்கள். குடிக்கட்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. பதினைந்து வருஷம் பூட்டிக் கிடந்து, கூரையில் அரசமரம் முளைத்து, பாம்பு குடியிருந்த ஷெட்டு. விளக்கு எரிகிறதே, அதுவரைக்கும் நல்லது. சாக்கடையைத் திருப்பிவிட்டுத் தண்ணீரையும் தெளிய வைத்துவிட்டார்கள். நான் திட்டத்துக்கு விரோதி என்று அதிகாரிகள் சொல்வது பொய். நான் எந்தத் திட்டத்துக்கும் விரோதி இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்.

இந்தக் கரையோரம் ஏழு கற்கள். கருங்கல். இடுப்பு உயரம், மேலே உருண்டை. வடக்கிலிருந்து எண்ணினால் ஐந்தாவது கல் எங்கள் பவுண்டரி வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. நான் வேலையில் சேர்ந்த அன்றே பார்த்தேன். அதன்மேல் மட்டும் மஞ்சள். நேற்று இன்று பூசிய மஞ்சள் இல்லை. பூசிப் பூசிக் கல்லே மஞ்சளாக ஊறியிருந்தது. முதல் ஷிப்டுக்கு வரும் ஆட்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வார்ப்பு அச்சுப் பிடிக்கிற மோல்டர் கபூர், ஐந்து வேளை தொழுகிற மனிதர், அவரும் போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். "உலைகிட்ட நிக்கிறோம் ஸ்டோர் ஐயா, யாரைப் பகைச்சுக்க முடியும்?" என்பார்.

அதன் கழுத்தைச் சுற்றி மூன்று தழும்புகள். விரல் புதையும் ஆழம். கயிறு அறுத்த தழும்பு என்று கண் உள்ளவர் யாரும் சொல்வார்கள். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. சிறு வயதிலிருந்து திருமுறை ஓதுகிறவன் நான். பதினாறு வயதில் உயிர் முடிய வேண்டிய பிள்ளை திருமேனியைக் கட்டிக்கொள்ள, காலன் வீசிய பாசக்கயிறு பிள்ளையோடு சேர்த்துப் பெருமான்மேலும் விழுந்ததே, அந்தத் தழும்பு அல்லவா இது? கழுத்தில் கயிற்றை ஏற்றவன். கயிறேற்ற நாதர். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. என் நாவில் வந்தது.

மற்ற ஆறு கல்லிலும் அதே தழும்பு உண்டே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். உண்டு. ஆனால் அவற்றில் மஞ்சள் இல்லையே.

எழுபத்து நான்கிலிருந்து நான் திங்கள்கிழமைதோறும் மஞ்சளைக் கழுவித் திருநீறு சாற்றினேன். வஸ்திரம் கட்டினேன். மதிய உணவு இடைவேளையில் ஒரு பதிகம். எண்பத்தெட்டில் பவுண்டரியிலேயே ஆங்கிள் அடித்து ஒரு தகரக் கூரையும் போட்டோம். மழை வெயில் படாமல் இருந்தார். நானும் இரண்டாயிரத்தாறில் ஓய்வு பெற்றேன், பவுண்டரியும் அடுத்த வருஷம் மூடியது, பேட்டையே ஓய்ந்தது. நான் மட்டும் வந்துகொண்டிருந்தேன்.

இன்னொருத்தியும் வந்துகொண்டிருந்தாள். அதைச் சொல்லாவிட்டால் பெருமான் மன்னிக்கமாட்டான். பூங்காவனம். அந்த வேப்ப மரத்தடியில் இட்லிக் கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். அறுபத்தைந்து வயது ஆகிறது. வாய் மட்டும் வயதாகவில்லை. அவளுடைய தகப்பனார் கன்னியப்பன் உப்புப் படகு ஓட்டியவர். நான் திருநீறு சாற்றிவிட்டுப் போனால், மறுநாள் விடியும்போது மஞ்சள் இருக்கும். கழுவுவேன். மறுபடி இருக்கும். நாற்பது வருஷம் இது நடந்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏம்மா, லிங்கத் திருமேனிக்கு மஞ்சள் பூசுகிற வழக்கம் உங்கள் வீட்டில் எங்கே படித்தது?"

"இன்னா லிங்கம்? எங்கப்பா படகு கட்டுன கல்லு அது, ஸ்டோர் ஐயா. ராவெல்லாம் படகப் புடிச்சிக்கினு நின்னுச்சு இல்ல? அவுக்கறதுக்கு முன்னால ஒரு கை தண்ணி ஊத்தி, மஞ்சத் தடவி, அப்பறம்தான் கயித்தத் தொடுவாங்க. கூலி வாங்காம நின்னதுக்கு அதாவது செய்ய வாணாமா?"

"படகு நின்று எத்தனை வருஷம் ஆயிற்று?"

"படகு நின்னுச்சு. எங்கப்பா நிக்கலயே. படக விறகுக்குப் போட்டப்பறமும் காலீல வந்து தடவிக்கினுதான் இருந்தாரு. ஆறு கல்லுக்காரனும் உட்டான். அவரு உடல. அவரு போனப்பறம் நானு."

படிக்காதவள். மனத்தில் பட்டதைச் சொல்கிறாள். கல்லுக்கு நன்றி சொல்கிறவர்கள் என்று ஒரு சாதி சனம் உலகத்தில் உண்டா? அந்த நன்றி கல்லுக்குள் இருக்கிறவனுக்குப் போகிறது என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் அவளோடு வாதாடவில்லை. அவளுடைய இட்லியைத் தின்றுகொண்டே அவளோடு வாதாடுவது முறையில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மாநகராட்சி படகுத்துறைப் புத்துயிர்த் திட்டம் என்று கொண்டுவந்தது. அதற்கு வரைபடம் போட ஒரு பெண். மிருதுளா என்று பெயர். கட்டடக் கலை படித்தவள். நல்ல பெண்தான், குறை சொல்லக்கூடாது. காலில் சேறு பட நின்று ஏழு கல்லையும் நாடா வைத்து அளந்தாள். பூங்காவனத்தின் கடையில் உட்கார்ந்து மூன்று நாள் அவள் பேச்சைப் போனில் பதிந்தாள். என்னிடமும் பதிந்தாள், அரை மணி நேரம்தான். ஏழு கல்லும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும், எதையும் அசைக்கமாட்டோம், மஞ்சள் பூசுகிறவர்கள் பூசலாம், திருநீறு சாற்றுகிறவர்கள் சாற்றலாம், தகரக் கூரையை மட்டும் எடுத்துவிடலாம் என்றாள். நானும் சம்மதம் என்றேன்.

பிறகு ஒரு நாள் ஒவ்வொரு கல்லுக்கும் வைக்கப்போகும் பலகையின் வாசகத்தைக் காட்டினாள். ஐந்தாம் கல்லுக்கு என்ன எழுதியிருந்தது தெரியுமா? "படகு கட்டும் கல். உப்புப் படகோட்டி கன்னியப்பன் தம் படகை இதில் கட்டினார். அவர் குடும்பம் இன்றும் இதற்கு மஞ்சள் பூசுகிறது."

அவ்வளவுதான். ஐம்பது வருஷம் ஓதியவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னை விடுங்கள். பெருமானைப் பற்றி ஒரு சொல் இல்லை. படகு கட்டும் கல்லாம். ஊர் வந்து படிக்கும். பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் கொண்டுவந்து நிறுத்திக் காட்டுவார்கள். படகு கட்டும் கல்.

மனு எழுதினேன். மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, ஆணையருக்கு ஒன்று. மேற்படி கல் கல்லன்று, தான்தோன்றித் திருமேனி. ஐம்பது ஆண்டுகளாக முறையாக வழிபடப்பட்டு வருவது. அதைப் படகு கட்டும் கல் என்று பலகை வைப்பது பக்தர்களின் மனத்தைப் புண்படுத்துவது. அழகாக அமைந்தது. பேட்டையில் உயிரோடு இருக்கிற பழைய ஆட்கள் முப்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். எனக்கு இந்த ஊரில் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் போட்டார்கள். கபூர்கூடப் போட்டார். "உங்க மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு போடறேன், சாமியா இல்லையான்னு என்னைக் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

மிருதுளா வீட்டுக்கே வந்தாள். கூடத்தில் நின்றுகொண்டே பேசினாள்.

"ஐயா, மனுவைத் திரும்ப வாங்கிக்கோங்க. பலகையில என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க, மாத்திடறேன். ஆனா காகிதத்துல 'வழிபாட்டு இடம்'னு வந்துட்டா அது என் கையில இல்லை."

"உன் கையில் இல்லை என்றால் அவன் கையில் இருக்கிறது அம்மா."

"இது நீர்நிலைப் புறம்போக்கு ஐயா. படகு கட்டின கல்னா அது பழமைச் சின்னம், இருக்கலாம். கோயில்னா அனுமதியில்லாம கட்டினது ஆயிடும். புரிஞ்சுக்கோங்க."

புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? தன் பலகை மாறிவிடுமே என்று பயப்படுகிறாள் என்று எண்ணினேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்து அனுப்பினேன். மனுவை வாங்கவில்லை.

கோட்டாட்சியர் நேரில் விசாரணைக்கு வந்தார். இதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் பூங்காவனத்தைக் கேட்டார். படகு கட்டுன கல்லு என்றாள். அடுத்து என்னைக் கேட்டார். நான் வஸ்திரத்தை விலக்கித் தழும்பைக் காட்டினேன். பாசம் விழுந்த வரலாற்றைச் சுருக்கமாக முக்கால் மணி நேரம் சொன்னேன். அவர் எழுந்து போகவில்லை. அதுவே ஒரு அருள்.

"எவ்வளவு காலமா பூஜை பண்றீங்க?"

"எழுபத்து நான்கிலிருந்து."

"யார் கிட்டயாவது அனுமதி வாங்கினீங்களா?"

"அவனைத் தொழ யாரிடம் ஐயா அனுமதி வாங்குவது?"

"கூரை?"

"அடியேன் முயற்சியில் போட்டது. எண்பத்தெட்டு, தை மாதம்."

எல்லாவற்றையும் ஒருவர் எழுதிக்கொண்டார். படித்துக் காட்டினார். சொன்னது சொன்னபடி இருந்தது. மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டேன். மிருதுளா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. பதிவுத் தபாலில். முதல் பக்கத்திலேயே தெளிவாக இருந்தது ஐயா: "மனுதாரர் அளித்த சான்றுகளின்படி மேற்படி கல் வழிபாட்டுக்குரிய திருமேனி என்பது ஐயமின்றி உறுதியாகிறது." ஐயமின்றி. அரசாங்கம் அந்தச் சொல்லைப் போட்டது. நான் அங்கேயே கண்ணீர் விட்டேன். சர்க்கரைப் பொங்கல் செய்யச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்து, முப்பத்தொரு பேருக்கும் கொடுத்து, அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். பூங்காவனத்துக்கும் கொடுத்தேன். வாங்கித் தின்றுவிட்டு, "அந்தாண்டப் பக்கத்துல இன்னா போட்டுக்கீது?" என்று கேட்டாள்.

இரண்டாம் பக்கத்தில் விலாசங்களும் நகல் யார் யாருக்கு என்பதும்தான் இருக்கும் என்று நான் எண்ணினேன். அலுவலகக் காகிதங்களை முப்பத்தைந்து வருஷம் பார்த்தவன். கபூர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "எனவே, நீர்நிலைப் புறம்போக்கில் உரிய அனுமதியின்றி அமைந்த வழிபாட்டு இடம் என்ற வகையில், மேற்படி திருமேனியை முப்பது நாட்களுக்குள் உரிய மரியாதையுடன் அகற்றி..."

படித்துவிட்டுக் கபூர் காகிதத்தை மடித்து என் பையில் வைத்தார். பூங்காவனம் கேட்டாள்.

"பதிகத்துல கடைசிப் பாட்டுலதான் பலன் கீதுன்னு நீங்கதான சொல்லுவீங்க, ஸ்டோர் ஐயா. கடைசி வரிக்கும் படிக்க வாணாமா?"

பொங்கல் தின்ற வாயால் சொன்னாள். இது நியாயமா? உறுதியாகிறது என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, எனவே அகற்று என்று இரண்டாம் பக்கத்தில் சொல்கிற அறிவை எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள்? அவன் இல்லை என்று சொல்லி இடித்தால்கூட ஒரு பொருள் இருக்கிறது. அவன் இருக்கிறான், அதனால் போகச் சொல் என்கிறார்கள்.

தடை கேட்டு எழுதினேன். மேலே எழுதினேன். மேலுக்கும் மேலே எழுதினேன். முப்பதாம் நாள் கிரேன் வந்தது. உரிய மரியாதைக்கு ஒரு மாலையும் வாங்கி வந்திருந்தார்கள். நான் கரையில் நின்று ஓதினேன். தோண்டத் தோண்டக் கல் போய்க்கொண்டே இருந்தது. மேலே தெரிந்ததைவிடக் கீழே இரண்டு மடங்கு. அடியில் பழைய இரும்பு வளையம் ஒன்று, அதில் இரண்டு கண்ணிச் சங்கிலி. அந்த வளையத்தைப் பற்றிப் பேச இப்போது நேரமில்லை.

பட்டையைப் போட்டுத் தூக்கப் போகும்போது பூங்காவனம் கிரேன்காரனை நிறுத்தச் சொன்னாள். பேசினில் இறங்கி இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி வந்து கல்லின் தலையில் ஊற்றினாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சளைக் குழைத்து மெதுவாகத் தடவினாள். கழுத்துத் தழும்பு மூன்றிலும் விரலை விட்டுத் தடவினாள். பிறகு கிரேன்காரனைப் பார்த்து, "அவுத்துக்கோ" என்றாள். பார்த்தீர்களா, கடைசி நேரத்திலாவது அபிஷேகம் செய்தாள். நான் இத்தனை வருஷம் சொன்னது உள்ளே போயிருக்கிறது.

அன்றிலிருந்து ஒன்பது மாதம் அவள் என்னோடு பேசவில்லை. இட்லி வைப்பாள், சட்னி ஊற்றுவாள், பேச மாட்டாள். எனக்கு வந்த இழப்பில் அவளுக்கு என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

திருமேனி இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? ஊர்ப் பெரிய கோயிலில் கேட்டார்கள். ஆவுடையார் இல்லாத, வரலாறு இல்லாத கல்லை உள்ளே விட ஆகமம் இடம் தராது என்று குருக்கள் சொல்லிவிட்டார். அருங்காட்சியகத்தில் கேட்டார்கள். திருமேனி என்று உத்தரவு இருக்கிறது, காட்சிப் பொருளாக வைக்க முடியாது என்றார்கள். அதனால் மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவின் கிடங்கில், குழாய்களுக்கும் உடைந்த கைப்பம்புகளுக்கும் நடுவில் படுக்க வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருக்கிறார்கள். நான் ஸ்டோரில் இருந்தவன். எண் போட்டு மூலையில் படுக்க வைத்த பொருள் எதற்குக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

திங்கள்கிழமை தவறாமல் போகிறேன். காவலாளி வரதன் நல்ல மனிதர். ஆனால் நோட்டில் எழுதாமல் உள்ளே விடமாட்டார். யாரைப் பார்க்க என்று ஒரு கட்டம் இருக்கிறது. கயிறேற்ற நாதர் என்று எழுதினேன்.

"பெரியவரே, எந்த செக்ஷன்னு போடுங்க" என்றார்.

"செக்ஷன் எல்லாம் அவனுக்கு இல்லை அப்பா."

"அப்ப ஸ்க்ராப்புன்னு போட்டுக்கறேன். கோவிச்சுக்காதீங்க, மேலதிகாரி கேப்பாரு."

ஒன்பது மாதமாக ஸ்க்ராப்பைப் பார்க்கப் போய்வருகிறேன் ஐயா.

நேற்றைக்கு முந்தின நாள் மிருதுளா வந்தாள். வேலை முடிந்து, ஆட்சியர் திறந்து வைக்கப் போகிறாராம். எல்லா இடத்திலும் தளம் போட்டாயிற்று, அந்தக் குழி ஒன்றை மட்டும் அவள் தன் பொறுப்பில் மூடாமல் நிறுத்தி வைத்திருக்கிறாள். அதோ அந்தச் சிவப்பு நாடா கட்டியிருக்கிறதே, அதுதான். இன்று ஐந்து மணிக்குள் மனுதாரர் தம் சாட்சியத்தைத் திருத்தி ஒரு கடிதம் கொடுத்தால், உத்தரவைத் திருத்திப் பழமைச் சின்னம் என்று மாற்றிக் கல்லைக் கொண்டுவந்து நட்டுவிடலாம் என்று கோட்டாட்சியர் ஒத்துக்கொண்டாராம்.

"என்ன எழுத வேண்டும்?"

"ஒரு வரி போதும் ஐயா. அது படகு கட்டின கல்னு."

ஒரு வரியாம். ஐம்பது வருஷம் திருநீறு சாற்றிய கையால், இது நீ இல்லை என்று எழுத வேண்டும். நான் எழுதமாட்டேன் என்றேன். சிமென்டு போட்டுக்கொள் என்றேன். அந்தப் பெண் போய்விட்டாள்.

நேற்றுக் காலையில் இட்லிக்கு உட்கார்ந்தேன். ஒன்பது மாதம் கழித்துப் பூங்காவனம் வாய் திறந்தாள்.

"எழுத மாட்டீங்களாமே."

"பெருமானை மறுதலிக்க என்னால் முடியாது அம்மா."

"வைகையில வெள்ளம் வந்தப்போ, பிட்டுக்காரக் கெழவிக்காவ மண்ணு சுமந்தாருன்னு சொன்னீங்களே. முதுவுல அடி வாங்குனாருன்னு சொன்னீங்களே. கேட்டுட்டு நானு அழுதனா இல்லியா?"

"அழுதாய்."

"மண்ணு சுமந்தவரு ஒரு உப்புப் படகப் புடிச்சிக்கினு நின்னா கொறஞ்சா பூடுவாரு?"

நான் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் விடவில்லை.

"கன்னியப்பன் படகுன்னா மட்டும் அவருக்குக் கேவலமா, ஸ்டோர் ஐயா?"

சட்னிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். நான் சொன்ன கதை. நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அதை எடுத்து என்மேலேயே திருப்புகிறாள். அன்று நான் முழு இட்லி சாப்பிடவில்லை. இரவு படுத்தும் தூக்கமில்லை. எத்தனையோ திருத்தலங்களில் அவன் எதற்கெல்லாம் நின்றான் என்று ஓதுகிறேன். விறகு சுமந்தான், தூது போனான், பன்றிக் குட்டிகளுக்குத் தாயாகிப் பால் கொடுத்தான். அவன் வெட்கப்படவில்லை. நான் எதற்கு வெட்கப்பட்டேன் என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். அது கிடக்கட்டும்.

இன்று காலையில் எழுதினேன். மிருதுளா கேட்ட மாதிரி எழுதவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை, கவனியுங்கள். வாசித்துக் காட்டுகிறேன்.

"செம்பரனூர்த் தொழிற்பேட்டையில் முன்னாள் பண்டகக் காப்பாளர் சோமாஸ்கந்தன் எழுதிக் கொடுப்பது. படகுகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் வேலைக்கு வந்தபோது படகுகள் இல்லை. தெரியாத விஷயத்தில் தெரிந்தவனைப்போல் சாட்சி சொன்னேன். பேசின் கரையின் ஐந்தாம் கல்லில் உப்புப் படகோட்டி கன்னியப்பன் தம் படகைக் கட்டினார் என்று அவர் மகள் பூங்காவனம் சொல்கிறாள். அவள் பொய் சொல்லி நான் ஐம்பது வருஷத்தில் கேட்டதில்லை. அவள் சொல்வதே சரி."

இதில் பெருமான் இல்லை என்று எங்கேயாவது இருக்கிறதா? இல்லை அல்லவா? அந்தப் பெண்ணிடம் காட்டினேன். போதும் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காகிதத்தைப் பார்த்தாலும் அழுகை வருகிறது.

ஆனால் பாருங்கள், அதிலும் ஒரு முட்டுக்கட்டை. இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். முந்தைய மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் போடக்கூடாதாம். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த முப்பத்தொரு பேரும் அதில் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பேரையும் ஓடி ஓடிப் பிடித்தவன் நான். பூங்காவனமும் போடக்கூடாது, கடிதத்தில் அவள் பெயர் இருக்கிறது. கிடங்குக் காவலாளி வரதன் ஒன்று போட்டுவிட்டார். இன்னொன்றுக்கு மத்தியானத்திலிருந்து இந்தக் கரையில் அறிமுகமில்லாத முகமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். காப்பிக் கடைப் பிள்ளைகளைக் கேட்டேன். நின்று கேட்கவே அவர்களுக்கு நேரமில்லை. நீங்கள் உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டீர்கள். ஒன்றும் தெரியாமல் கையெழுத்துப் போடச் சொல்ல எனக்கு மனம் ஒப்பாது. அதனால்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

மணி நாலே முக்கால் ஆகிறது. அதோ மிருதுளா காப்பிக் கடை வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்க்கிறாள். பூங்காவனமும் பார்க்கிறாள், பார்க்காதவள்போல. பேனா இந்தாருங்கள். இந்தக் கோட்டின்மேல், உங்கள் பெயர், ஊர்.

நன்றி ஐயா. பெருமான் உங்களுக்குத் துணை நிற்பான். நீங்கள் போகும் வழியெல்லாம் இடர் இல்லாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் உலையும் விளக்கும் அணையாமல் இருக்கட்டும். உங்களுக்காகக் கூலி கேட்காமல் நின்றவர்கள் யாரோ, அவர்கள் இருக்கும்போதே அவர்களை நினைக்கிற மனத்தை அவன் உங்களுக்கும் தரட்டும், இந்தக் கதையை யார் காதில் நீங்கள் போட்டாலும் அவர்களுக்கும் தரட்டும்.